முதலில் நீ பொய் சொல்வதை நிறுத்து

யார் வீட்டிலோ நடப்பதாக நினைத்திருந்த விஷயம் உன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்று இப்போதுதான் உனக்குத் தெரிந்திருக்கிறது. தம்பியோ, மகனோ, கட்டிக்கொண்டவனோ, யாராக இருந்தாலும் வயிறு ஒரே மாதிரிதான் எரியும். என் தம்பி எண்பதுகளில் சென்னையில் பிரவுன் சுகர் பழகியவன். அவனுக்காக ஆஸ்பத்திரி வாசலில் உட்கார ஆரம்பித்தேன். அவன் தேறி வேலைக்குப் போன பிறகும் அந்த வாசலை நான் விடவில்லை. புதிதாக வரும் அம்மாக்களோடும் மனைவிமாரோடும் பேசிப் பேசியே வயதாகிவிட்டது. வைத்தியத்தை டாக்டர் பார்த்துக்கொள்வார். வீட்டுக்குள் நீ எப்படி நிற்க வேண்டும் என்பதைப் பெரியம்மா சொல்கிறேன், கேள்.

1. இன்று ராத்திரி எதுவும் பேசாதே. எங்கள் அப்பா ராத்திரி பதினோரு மணிக்குத்தான் விசாரணை வைப்பார். கத்தல், அறை, கதவை அடித்துச் சாத்தும் சத்தம், தெருவிளக்கடியில் நின்று கேட்கும் பக்கத்து வீட்டுக்காரர்கள். விடிந்தால் தம்பிக்குப் பாதிக்கு மேல் ஞாபகம் இருக்காது. அப்பாவுக்கு மட்டும் ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருக்கும். போதை தெளிந்து, குளித்து, ஏதாவது சாப்பிட்ட பிறகு பேசு. அதுவரை உன் கோபத்தை நீதான் தாங்க வேண்டும், கஷ்டம்தான்.

2. கண்ணைத் திறந்து வை, ஆனால் துப்பறிய ஆரம்பிக்காதே. கஞ்சா என்றால் கண் சிவந்திருக்கும், கண்டபடி இனிப்பு கேட்கும், சட்டைப் பையில் கண் சொட்டுமருந்து பாட்டில் கிடக்கும். வலி மாத்திரையோ பிரவுன் சுகரோ என்றால் கண்மணி குண்டூசித் தலையளவுக்குச் சுருங்கியிருக்கும். சாப்பிடும்போதே தலை தொங்கும், உடம்பைச் சொறிந்துகொண்டே இருப்பான். கிடைக்காத நாளில் மூக்கு ஒழுகும், ஓயாமல் கொட்டாவி வரும், மேலெல்லாம் புல்லரிக்கும், வயிற்றைப் புரட்டிப் போடும். வீட்டில் எல்லாரும் ஜலதோஷம் என்பார்கள். இப்போது பல ஊர்களில் டேபென்டடால் மாதிரி வலி மாத்திரைகளைக் கரைத்து ஊசியாகவே ஏற்றிக்கொள்கிறார்கள். அக்னி நட்சத்திர வெயிலில் முழுக்கைச் சட்டையைக் கழற்றாத பையனைப் பார்த்தால் ஏன் என்று யோசி. சின்னப் பிள்ளைகள் என்றால் ஒயிட்னர், பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் வாடை துணியில் இருக்கும், வாயோரம் புண் இருக்கும்.

உடம்பைவிட வீடு சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். பரணில் இருந்த பித்தளை அண்டா காணாமல் போகும். பழைய போன் “ரிப்பேருக்கு” போய்த் திரும்பாது. உள்ளே வராத நண்பர்கள் தெருமுனையில் நின்று ஹாரன் அடிப்பார்கள். ஜிபேயில் முன்பின் தெரியாத பெயர்களுக்கு இருநூறு, முந்நூறு என்று போய்க்கொண்டிருக்கும். இதில் ஏதாவது ஒன்றை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதிவிடாதே. தூங்காமல், சிடுசிடுவென்று, யாரோடும் பேசாமல் இருக்கும் பிள்ளைக்கு மனச்சோர்வாகவும் இருக்கலாம், பரீட்சையில் தோற்றதாகவும் இருக்கலாம். பல விஷயங்கள் சேர்ந்து வந்தால், சில வாரம் நீடித்தால், கேள்.

3. கேட்கும்போது பார்த்ததை மட்டும் சொல். “நேத்து பாத்ரூம்ல சிரிஞ்ச் பார்த்தேன். எனக்குப் பயமா இருக்கு. என்னடா நடக்குது?” இவ்வளவு போதும். “குடும்ப மானத்தை வாங்கிட்டே”, “பெரியப்பா பையனைப் பாரு” இதெல்லாம் அவனுக்கு வசதியான பேச்சு. சண்டைக்கு வேறு விஷயம் கிடைத்துவிடும், சிரிஞ்ச் மறந்துபோகும். அவன் இல்லையென்று சாதிப்பான். அழுவான், அல்லது எகிறுவான். நீ நிரூபிக்க வேண்டியதில்லை. “சரி, டாக்டர்கிட்ட ஒரு தடவை போய்ட்டு வரலாம், நானும் வர்றேன்” என்று சொல்லிவிட்டு எழுந்துவிடு. முதல் தடவையே சம்மதித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஐந்தாவது, பத்தாவது தடவை அதே குரலில் கேட்ட வீட்டில்தான் ஒருநாள் “போலாம்” என்று பதில் வந்தது.

4. இப்போது சொல்வதுதான் எல்லாவற்றிலும் பெரிது. வீட்டில் பொய்யை நிறுத்து, உன்னுடைய பொய்யை. அவன் பொய் சொல்வது நோயின் பாதி. நீ எதற்குச் சொல்கிறாய்? அவன் எழுந்திருக்கவில்லை என்றால் ஆபீசுக்குப் போன் போட்டு “வைரல் ஃபீவர் சார்” என்பது யார்? கல்யாண வீட்டில் “அவனுக்கு டூட்டி, அதான் வரலே” என்பது யார்? எங்கள் அம்மா காணாமல் போன வெள்ளிக் குங்குமச்சிமிழை “பாலீஷ் போடக் கொடுத்திருக்கேன்” என்று அப்பாவிடமே சொன்னாள். அவ்வளவு பாசம். அந்தப் பாசத்தின் நிழலில் தம்பிக்கு இன்னும் இரண்டு வருஷம் ஓடியது. ஒவ்வொரு தடவை அவன் விழும்போதும் தரையில் அடி படாமல் நாம் கையை நீட்டிக்கொண்டே இருந்தால், விழுகிறோம் என்பதே அவனுக்குத் தெரியாது.

ஊரெல்லாம் தமுக்கு அடிக்கச் சொல்லவில்லை. அவனைப் பற்றி யாரிடமும் பேசாமல் இருக்க உனக்கு உரிமை உண்டு. “அவனைப் பத்தி அவன்கிட்டயே கேளுங்க” என்பது பொய் இல்லை. மகளாக இருந்தால் இன்னும் அதிகமாக மறைப்போம், அதனால் அவள் டாக்டரிடம் போவது இன்னும் தள்ளிப்போகும். மத்திய அரசு 2019-ல் வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் 16 கோடிப் பேர் குடிக்கிறார்கள், அவர்களில் சுமார் 5.7 கோடிப் பேருக்கு உதவி தேவை. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதோ ஒரு சிகிச்சையாவது கிடைத்ததாகச் சொன்னார். மீதி 37 வீட்டில் என்ன நடந்துகொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். “அவருக்கு அல்சர்” என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

5. கால்கட்டு போட்டால் சரியாகிவிடும் என்று ஒருத்தர் வருவார், பார். நம் சாதிசனத்தில் இதைச் சொல்லாத பெரியவரே கிடையாது. ஒரு தடவை குடும்பக் கூட்டத்துக்கு ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். தாலிக்கயிற்றில் மஞ்சள்கூட வெளுத்திருக்கவில்லை. பக்கத்தில் மாமியார். “இவ வந்து மாத்திடுவான்னுதான் கட்டி வச்சோம்” என்று அந்த அம்மா எங்கள் எல்லார் முன்னாலும் சொன்னார், அதில் ஒரு தப்பும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. அந்தப் பெண் தலை நிமிரவே இல்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். பெண் கேட்கப் போனபோது இவர்கள் மறைத்தது பத்து வருஷக் குடி. எனக்குப் பொதுவாகக் கோபம் வராது, அன்று வந்தது. பெற்றவர்களும் டாக்டரும் சேர்ந்து செய்ய முடியாததை இருபத்து மூன்று வயதுப் பெண் எதை வைத்துச் செய்வாள்? உன் வீட்டில் அந்தப் பேச்சை யாராவது எடுத்தால் எதிர்த்து நில். சொந்தம் முறிந்தாலும் பரவாயில்லை. தேறி, ஒன்றிரண்டு வருஷம் தாண்டி, அவனே எல்லாவற்றையும் பெண்ணிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டுச் செய்யட்டும் கல்யாணம்.

6. “மனசு வச்சா இன்னைக்கே விட்டுடலாம்” என்று சொல்லி அறையில் வைத்துப் பூட்டாதே. பல வருஷம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து 2 நாளைக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை கை நடுங்கி, காய்ச்சல் அடித்து, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று பிதற்ற ஆரம்பித்தால் அது உயிருக்கே ஆபத்தான கட்டம். பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போனவர்கள் உண்டு. தூக்க மாத்திரைப் பழக்கத்தையும் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது, டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். கோயிலில் கயிறு கட்டுவதை நான் குறை சொல்ல மாட்டேன், எங்கள் அம்மாவும் கட்டினாள். கட்டுவதற்கு முன்னால் டாக்டரைப் பார்த்துவிடு, அவ்வளவுதான். மாலை போட்ட நாட்களில் சுத்தமாக இருந்துவிட்டு, மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே கடைக்குப் போனவர்கள் ஏராளம். அந்தத் தெளிந்த நாட்கள் கிடைத்தற்கரியவை. அதற்குள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும்.

7. சாப்பாட்டில் எதையும் தெரியாமல் கலக்காதே. “குடிப்பவருக்குத் தெரியாமல் கொடுக்கலாம்” என்று பஸ்ஸிலும் சுவரிலும் ஒட்டியிருப்பார்கள். அந்தப் பொடியில் என்ன இருக்கிறதென்று விற்கிறவனுக்கே தெரியாது. குடியை நிறுத்த டாக்டர் கொடுக்கும் டைசல்பிரம் மாத்திரை நல்ல மருந்துதான், தெரிந்து சாப்பிடுகிறவருக்கு. தெரியாமல் கொடுத்து, அவர் வழக்கம்போலக் குடித்துவிட்டால் முகம் சிவந்து, வாந்தி வந்து, இரத்த அழுத்தம் விழுந்து நெஞ்சுவரை போய்விடும். நிறுத்தி ஒன்றிரண்டு வாரம் வரைகூட அதன் வேகம் உடம்பில் இருக்கும். உயிர் பிழைத்தாலும், உன் கையால் சோறு தின்ன அவர் பயப்படுவார். நம்பிக்கையே மிச்சமில்லாத வீட்டில் இன்னொரு பொய்யை நாமே ஏன் சாம்பாரில் கரைக்க வேண்டும்?

8. எங்கே கூட்டிக்கொண்டு போவது என்று திகைக்காதே. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, தமிழக மதுவிலக்குத் துறைக்கு 10581, மனசு உடைந்தால் நீயே பேசுவதற்கு 14416. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை குடும்பத்தையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசும் இடம். அந்த மாதிரி இடத்தைத் தேடு. நோயாளியை மட்டும் வாங்கிக்கொண்டு உன்னை வாசலோடு அனுப்பும் இடம் வேண்டாம்.

தனியார் மறுவாழ்வு மையம் என்றால் நேரில் போய்ப் பார்க்காமல் பணம் கட்டாதே. மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா, டாக்டர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார், நான் எப்போது வந்து பார்க்கலாம் என்று கேள். “மூணு மாசம் யாரும் பார்க்கக் கூடாது” என்றால் திரும்பி வந்துவிடு. ராத்திரியில் வேனில் ஆள் அனுப்பிக் கைகாலைக் கட்டித் தூக்கிப்போகிற இடங்கள் இருக்கின்றன. தெரிந்த ஒரு வீட்டில் அப்படித்தான் தூக்கிப்போகச் சொன்னார்கள், பையன் முதுகில் பிரம்புத் தழும்போடு திரும்பினான், வந்த வாரமே மறுபடி ஆரம்பித்தான். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் யாரையும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்திருக்கிறது. அடித்துத் திருத்தும் நோய் என்று ஒன்று கிடையாது.

போலீஸ் பயத்தால் தள்ளிப்போடாதே. டாக்டரிடம் போவது குற்றமில்லை. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. உபயோகித்ததற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் மாட்டியவர், தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் முழுச் சிகிச்சை எடுத்துக்கொண்டால் வழக்கிலிருந்து விலக்குப் பெற அது வழி வைத்திருக்கிறது.

9. ஊசி போட்டுக்கொண்டவன் என்றால் எச்.ஐ.வி., மஞ்சள்காமாலை பி, சி மூன்றுக்கும் பரிசோதனை செய்யச் சொல். ஹெபடைடிஸ் சி-க்கு இப்போது சில மாத மாத்திரையில் குணம் உண்டு, அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். பிரவுன் சுகர், வலி மாத்திரைப் பழக்கத்தை விட, புப்ரனார்பின் என்று நாக்கடியில் வைக்கும் மாத்திரையை டாக்டர் தினமும் கொடுக்கலாம். “ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா?” என்று சித்தப்பா சட்டம் பேசுவார். பேசட்டும். அந்த மாத்திரையால் ஊசியை விட்டு, வேலைக்குப் போய், பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்டுகிற ஆண்களை எனக்குத் தெரியும். எப்போது குறைப்பது என்பது டாக்டர் வேலை, சித்தப்பா வேலை இல்லை.

10. காசு கையில் கொடுக்காதே, கடனை அடைக்காதே. பசித்தால் சோறு போடு, மருந்துக் கடையில் நீயே கட்டு.

11. அடித்தால் அங்கே நிற்காதே. “போதையில இருக்கான், தெரியாம செஞ்சுட்டான்” என்பார்கள். அவன் மேலதிகாரியை எந்தப் போதையிலும் அடித்ததில்லையே! 181 பெண்களுக்கான உதவி எண், உன் போனில் இருக்கட்டும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போவது அவனைக் கைவிடுவதாகாது. அங்கிருந்தும் “டாக்டர்கிட்ட வர்றியா?” என்று கேட்கலாம்.

12. திரும்ப விழுவான். எல்லாரும் விழுவார்கள் என்று சொல்லவில்லை, ஆனால் பலரும் விழுகிறார்கள், என் தம்பியும் விழுந்தான். அன்று “இவ்வளவு செலவு பண்ணியும்” என்று ஆரம்பிக்காதே. சர்க்கரை ஏறிவிட்டதென்று உன் மாமனாரை யாராவது வீட்டை விட்டுத் துரத்தினார்களா? மறுநாளே திரும்ப அதே டாக்டரிடம் போங்கள். முதல் தடவை கற்றுக்கொண்டது வீணாகாது.

ஒரு ஆபத்தை மட்டும் நன்றாகத் தெரிந்துகொள். சில வாரம் விட்டிருந்த உடம்புக்குப் பழைய அளவு தாங்காது. ஆஸ்பத்திரியிலிருந்தோ ஜெயிலிலிருந்தோ வந்த புதிதில், பழைய கணக்கிலேயே எடுத்துக்கொண்டுதான் பலர் செத்துப்போகிறார்கள். எழுப்பினால் எழவில்லை, மூச்சு விட்டு விட்டு வருகிறது, தொண்டையில் களகளவென்று குறட்டை, உதடும் நகமும் நீலம் பாரித்திருக்கிறது என்றால் தூங்கட்டும் என்று விடாதே. ஒருக்களித்துப் படுக்க வை, 108-ஐக் கூப்பிடு, பக்கத்தை விட்டு நகராதே. மோர், எலுமிச்சைச் சாறு, புளித்தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதே, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். என்ன எடுத்தான் என்பதை வருகிறவர்களிடம் மறைக்காமல் சொல். வலி மாத்திரை, பிரவுன் சுகர் வகையை முறிக்க நலோக்சோன் என்ற ஊசி இருக்கிறது, நேரத்தோடு போட்டால் ஆள் பிழைத்துக்கொள்வான். வெட்கப்பட்டு “ஃபுட் பாய்சன்” என்று சொன்ன ஒரு வீட்டில், பையனுக்கு அந்த ஊசி போய்ச் சேரத் தாமதமாகிவிட்டது. மேலே சொல்ல எனக்கு மனசில்லை.

13. வீட்டில் இன்னொரு பிள்ளை இருக்கும், ஒரு தொந்தரவும் கொடுக்காத பிள்ளை. அதைப் பார். எல்லாரும் கெட்ட பிள்ளையைச் சுற்றி ஓடும்போது அது தானே யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டு, தானே சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகும். பரீட்சையில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கினால்கூடக் கேட்க ஆளிருக்காது. அதனிடமும் வயதுக்கேற்ற உண்மையைச் சொல்லிவிடு: “அண்ணனுக்கு உடம்பு சரியில்லை, போதைப் பழக்கம் என்று ஒரு நோய், உன்னால் வந்ததில்லை.” சொல்லாவிட்டால் அது தானாக ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்ளும். அது எப்போதும் தன்னையே குற்றம் சொல்லும் காரணமாக இருக்கும்.

14. நீ சாப்பிடு. தூங்கு. குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்று 1951-ல் அமெரிக்காவில் தொடங்கிய அல்-அனான் இன்று நம் ஊர்களிலும் கூடுகிறது, காசு கேட்க மாட்டார்கள். முதல் நாள் போய் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்துவிட்டு வா. உன் வீட்டுக் கதையை வேறொருத்தி தன் கதையாகச் சொல்வதைக் கேட்பாய். அவனுக்கு இந்த நோய் வர நீ காரணமில்லை, உன்னால் மட்டும் குணப்படுத்தவும் முடியாது என்று அங்கே சொல்வார்கள். எனக்கு முதலில் அது கோபமூட்டியது, பிறகு தூக்கம் வந்தது.

15. விட்டுவிட்டான் என்று வை. உடனே பழைய பிள்ளை திரும்ப வந்துவிடுவான் என்று எதிர்பார்க்காதே. முதல் மாதங்களில் எதிலும் ருசி இருக்காது, தூக்கம் வராது, சின்ன விஷயத்துக்கு எரிந்து விழுவான், சும்மா மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருப்பான். “குடிச்சப்பவே நல்லா இருந்தான்” என்று பாட்டி சொல்லிவிடுவாள், அவள் வாயைக் கொஞ்சம் அடக்கி வை. வேலை ஏதாவது வேண்டும் அவனுக்கு, சம்பளம் முக்கியமில்லை, காலையில் எழுந்து போக ஒரு இடம். பழைய நம்பர்களை அவனே அழிக்கட்டும், நீ பிடுங்கி அழிக்காதே. தினமும் அவன் வாயை முகர்ந்து பார்க்காதே. பார்க்கத்தான் தோன்றும். சந்தேகம் வந்தால் நேராகக் கேள், பையைத் தடவாதே.

ஒருநாள் அவனே கேட்பான், “இன்னும் என்னை நம்பலையா?” என்று. நம்புகிறேன் என்று சொல்லிச் சமாதானப்படுத்தத் தோன்றும். வேண்டாம். பீரோ சாவி இன்னும் உன் இடுப்பில் இருப்பதை அவன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். “முழுசா இல்லடா. போன மாசத்துக்கு இப்போ பரவாயில்லை” என்று உள்ளதைச் சொல். என் தம்பியிடம் நான் அப்படிச் சொன்னபோது இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் கரண்ட் பில் கட்டப் பணம் கேட்டான். கொடுத்தேன். ரசீதைக் கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான். அதற்கப்புறமும் சாவியைக் கொடுக்க எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. உனக்கு எவ்வளவு நாள் ஆகுமோ, ஆகட்டும், அவசரப்படாதே. சந்தேகமாக இருந்தால் பெரியம்மாவுக்குப் போன் பண்ணு, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நான் சும்மாதான் இருப்பேன்.